பாலைப்பழக் காலம்: காட்டில் வழி தவறினால் என்ன செய்வது?

கேள்வி: "அண்ணா, நாங்கள் நெடுங்கேணிக்கும் ஒட்டுசுட்டானுக்கும் இடையில் இருக்கிறோம். வைகாசி பிறந்தால் என் மகனும் நான்கு கூட்டாளிகளும் பாலைப்பழம் பிடுங்கக் காட்டுக்குப் போவார்கள். போன வருடம் என் தம்பி வழி தவறி, விடிய விடிய நடந்து, மறுநாள் மத்தியானம்தான் ஒரு குளக்கட்டில் ஏறினான். நீங்கள் வெளிநாட்டு இராணுவத்தில் காட்டில் உயிர் தப்பும் பயிற்சி கொடுத்தவர் என்று சொன்னார்கள். பிள்ளைகளின் பையில் என்ன வைத்து அனுப்ப வேண்டும்? வழி தவறினால் என்ன செய்யச் சொல்ல வேண்டும்?"

தங்கச்சி, பைக்குப் பிறகு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது வேறொரு வரி. தம்பி "விடிய விடிய நடந்து" என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் தப்பி வந்தது பெரிய புண்ணியம். ஆனால் அந்த நடைதான் அவருடைய உயிருக்கு வந்த ஆபத்து, காடு அல்ல.

நான் பிரான்ஸின் அந்நியர் படையில் பணியாற்றியவன். நாங்கள் அதை லெஜியோன் என்போம். அதன் மூன்றாவது காலாட்படை ரெஜிமெண்ட் தென் அமெரிக்காவில், பிரெஞ்சு கயானாவின் கூரூ நகரில் இருக்கிறது. அங்குள்ள ராக்கெட் ஏவுதளத்தின் பாதுகாப்பும் அவர்கள் பொறுப்புத்தான். கயானா இலங்கையைவிடப் பெரிய நிலம். நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் காடு. ரெஜினா என்ற சிற்றூருக்குப் பக்கத்தில், அப்ருவாக் ஆற்றோரம் இருக்கும் காட்டுப் பயிற்சி மையத்தில் இரண்டு தடவைகளாக ஆசிரியனாக இருந்தேன். வன்னிக் காட்டோரம் பிறந்து வளர்ந்த எனக்குக் காடு புதிதல்ல என்ற நினைப்போடுதான் போனேன். முதல் வாரத்திலேயே அந்த நினைப்புப் போய்விட்டது. அங்கே பத்தடிக்கு அப்பால் நிற்பவனை மரம் மறைத்துவிடும். சூரியனைக் காண்பது அரிது.

ஒருநாள் பின்னேரம் ஐந்து மணி இருக்கும். பயிலுநர்களில் ஒருவன், இருபத்திரண்டு வயதுப் பையன், ஒதுங்குவதற்காக முகாமிலிருந்து விலகிப் போனான். ஆறு மணிக்கு ஆள் எண்ணும்போது அவன் இல்லை. மரவேரில் கத்தியின் தட்டையான பக்கத்தால் அடித்தோம். அங்குள்ள பெருமரங்களின் அடியில் பலகைபோல் விரிந்து நிற்கும் வேர்கள் பறைபோல் முழங்கும். பதில் வரவில்லை. விடிந்ததும் தேடப் போனோம். முகாமிலிருந்து முந்நூறு மீட்டர்கூட இல்லை, ஒரு ஓடைக்கரையில் முழங்கால்வரை சேறோடு உட்கார்ந்திருந்தான். ஈரமண்ணைப் பார்த்தபோது எல்லாம் விளங்கியது. ஒரே இடத்தை மூன்று முறை கடந்திருக்கிறான். இரண்டாம் முறை வந்தபோது மண்ணில் சப்பாத்துத் தடம் கண்டிருக்கிறான். எங்கள் எல்லோருக்கும் ஒரே வகைச் சப்பாத்து என்பதால், கூட்டாளி ஒருவன் முன்னே போகிறான் என்று நம்பி, ரோர்ச் வெளிச்சத்தில் அந்தத் தடத்தின் பின்னாலேயே ஓடியிருக்கிறான். அது அவனுடைய தடம்தான். எங்கள் சத்தமும் கேட்டிருக்கிறது. ஓடிக்கொண்டிருந்ததால் அது எந்தத் திசையில் இருந்து வந்தது என்று அவனால் பிரித்தறிய முடியவில்லை.

அவன் முட்டாள் இல்லை. மனிதக் கால் அப்படித்தான். ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவன ஆய்வாளர்கள் 2009இல் இதைச் சோதித்து வெளியிட்டார்கள். காட்டில் ஆட்களை நேராக நடக்கச் சொல்லி, செய்மதிக் கருவியால் அவர்களின் தடத்தைப் பதிந்தார்கள். சூரியன் தெரிந்தபோது ஓரளவு நேராகப் போனவர்கள், மேகம் மூடியதும் வட்டமடித்தார்கள். அடிக்கும்போது தாம் வட்டமடிப்பது அவர்களுக்குத் தெரியவில்லை. இரவில் நடப்பவன் கதியும் இதுதான். உங்கள் தம்பியின் கால் வலிக்க நடந்த தூரத்தில் பெரும்பங்கு வட்டமாகவே இருந்திருக்கும்.

ஆகவே மகனுக்குச் சொல்ல வேண்டியது இது: வழி பிழைத்துவிட்டது என்ற சந்தேகம் வந்த உடனே நில். முறிகண்டிப் பிள்ளையாரைக் கடக்கும் சாரதி எந்த அவசரத்திலும் வண்டியை நிறுத்துகிறான் அல்லவா, அப்படி நிற்க வேண்டும். நின்று, உட்கார்ந்து, ஒரு மிடறு தண்ணீர் குடிக்க வேண்டும். நெஞ்சுப் படபடப்பு அடங்கும்வரை எழும்பக் கூடாது. பிறகு விசில் ஊத வேண்டும், மூன்று மூன்றாக. எங்கள் ஊரில் கூப்பிடு தூரம் என்று ஓர் அளவு உண்டு. பயத்தில் கத்துபவனுக்கு ஒரு மணி நேரத்தில் தொண்டை கட்டிவிடும், அந்தத் தூரமும் சுருங்கிவிடும். விசில் விடியும்வரை ஊதலாம். பின்னேரம் நான்கு மணிக்குள் வழி தெரியாவிட்டால் அன்று அதற்குமேல் நடப்பதில்லை என்று ஐந்து பேரும் வீட்டிலேயே முடிவெடுத்துக்கொண்டு போக வேண்டும். மிச்ச வெளிச்சம் படுக்க இடம் பார்ப்பதற்கும் விறகு சேர்ப்பதற்கும்.

கயானாவில் இரவு நடையைத் தடுத்ததற்குக் காரணம் ஓடைகளும் விழும் கொப்புகளும். வன்னியில் காரணங்கள் இன்னும் கொடியவை. பன்றிக்கென்று மிருகத் தடத்தில் கட்டப்படும், கம்பியைத் தட்டினால் வெடிக்கும் கட்டுத்துவக்கு முதலாவது. முழங்கால் உயரத்தில் குறுக்கே ஓடும் மெல்லிய கம்பி பகலிலேயே கண்ணில் படாது. சனங்கள் இடம்பெயர்ந்து போன பழைய காணிகளில் கட்டில்லாத கிணறுகள் பற்றைக்குள் வாய் திறந்து கிடக்கின்றன. மூன்றாவது மிதிவெடி. 2002 முதல் ஹாலோ டிரஸ்ட், மாக் போன்ற அமைப்புகள் வடக்கில் ஒவ்வோர் அடியாக மண்ணைத் துப்புரவாக்கி வருகின்றன. ஆனாலும் மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை நிற்கும் பக்கம் பழம் கொட்டிக் கிடந்தாலும் போகக் கூடாது. பலகை இல்லாத இடத்திலும் பழைய மண் அணை, பதுங்குகுழி கண்டால் விலகிவிட வேண்டும். ஏதாவது வெடிபொருள் கண்ணில் பட்டால் நின்ற காலை அசைக்காமல், பின்னால் வருபவர்களை நிறுத்தி, உதவிக்குக் கூப்பிட வேண்டும். அங்கேயும் முதல் சொல் 'நில்' என்பதுதான்.

தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கயானாவில் நான் படித்தது இங்கே உதவாத இடம் இதுதான். அங்கே கை நீட்டினால் தண்ணீர். ஆண்டு மழை மூன்று மீட்டரைத் தாண்டும். பாலை பழுக்கும் காலத்து வன்னியோ காய்ந்து கிடக்கும். ஆளுக்கு மூன்று லீற்றருக்குக் குறையாமல் கொண்டுபோகட்டும். அது முடிந்துவிட்டால் மருதமரங்களைத் தேட வேண்டும். சுற்றிலும் காடு கருகி நிற்கும்போது ஒரு வரிசை மட்டும் பச்சையாக உயர்ந்து தெரிந்தால் அதன் கீழே ஆறோ அருவியோ ஓடிய மணல் இருக்கிறது. அந்த மணல் வளையும் இடத்தில், வளைவின் வெளிக்கரையோரம் முழங்கை ஆழம் தோண்டினால் ஈரம் தெரியும். உடுத்த சாரத்தின் நுனியை அதில் அழுத்தி, கலங்கல் ஊறி வரும்வரை காத்திருந்து, பிழிந்து குடிக்கலாம். யானையும் அப்படித்தான் ஊற்றுத் தோண்டும். அதனால் இந்த வேலை நடுப்பகலில் நடக்கட்டும்; அந்தி வேளையில் நீர்நிலை யானைக்கு உரியது. கொதிக்க வைக்க வழியில்லையே என்று குடிக்காமல் இருந்துவிடக் கூடாது. அழுக்குத் தண்ணீரால் வரும் நோய்க்கு வைத்தியம் பார்க்க நாள் இருக்கிறது. வெயிலில் தாகம் நாளைக்கே ஆளைச் சாய்த்துவிடும்.

சாப்பாட்டுக்காக அலைய வேண்டாம். கயானாவில் ஒவ்வொரு குழுவும் முதல் நாளே பனைக்குருத்துக்காக ஒரு மரத்தை வெட்டிச் சாய்க்கும். ஒரு மணி நேரம் வியர்த்து வெட்டினால் ஒரு கோப்பை அளவு குருத்து கிடைக்கும். இரண்டு நாள் பசியால் யாரும் இறப்பதில்லை.

இப்போது பை. ஆளுக்கு ஒரு விசில், கழுத்தில் மாட்டியபடி. பையில் இருந்தால் பை தொலையும்போது அதுவும் தொலையும். பொலித்தீனில் சுற்றிய லைட்டர் ஒன்று, சைக்கிள் ரியூப்பில் வெட்டிய இரண்டு துண்டு. ஈர விறகையும் அது பற்றவைக்கும். நெருப்பு மூட்டும் முன் சருகை நாலடிக்கு வழித்துவிட வேண்டும், காய்ந்த காடு. ஒரு ரோர்ச், தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் ஜீவனி உப்புப் பக்கெற் இரண்டு, ஒரு கத்தி. சாரம் எப்படியும் இருக்கும்; அது போர்வை, வடிதுணி, காயம் கட்டும் துணி எல்லாம். சிவப்போ மஞ்சளோ சட்டை போட்டு அனுப்புங்கள். கைத்தொலைபேசியில் சமிக்ஞை தேடித் தேடியே பற்றரி இறங்கிவிடும். உள்ளே போனதும் அணைத்துவிட்டு, மேடான இடத்தில் மட்டும் போட்டுப் பார்க்கட்டும்.

பாலைப்பழம் உங்களுக்கு மட்டும் பிடித்ததல்ல, கரடிக்கும் உயிர். அதற்குக் கண்பார்வை குறைவு. திடீரென்று எதிர்ப்பட்டால் பயத்தில் பாய்ந்து முகத்தைக் கிழிக்கும். பேசிக்கொண்டும் தடியால் தட்டிக்கொண்டும் நடந்தால் விலகிப் போகும். மரத்தில் ஏறித் தப்பலாம் என்று நினைக்க வேண்டாம், அது நம்மைவிட நன்றாக ஏறும். பாம்பு கடித்தால் கீறவோ உறிஞ்சவோ இறுக்கிக் கட்டவோ கூடாது. கடிபட்ட காலை அசைக்காமல், ஆளை நடக்கவிடாமல் தூக்கி வந்து, வீதிக்கு வந்ததும் 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள்.

கடைசியாக உங்கள் வேலை. எந்த வழியால் நுழைகிறார்கள், எந்தக் குளத்துப் பக்கம், எத்தனை மணிக்குத் திரும்புவார்கள் என்று எழுதி வாங்காமல் விடாதீர்கள். இருட்டியும் வராவிட்டால் 119இல் பொலிசுக்குச் சொல்லுங்கள். ஊரார் இரவோடிரவாகக் காட்டுக்குள் இறங்குவதைத் தடுங்கள். தேடப் போனவர்களையே தேட வேண்டி வரும். அவர்கள் நுழைந்த இடத்துக்கு உழவு இயந்திரத்தைக் கொண்டுபோய் நிறுத்தி, பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை மூன்று ஹோர்ன் அடியுங்கள். பக்கத்தில் கோயில் இருந்தால் மணியை அடிக்கலாம். சத்தம் ஒரே இடத்திலிருந்து வர வேண்டும். ஒவ்வொரு தடவையும் அடித்து முடித்ததும் எஞ்சினை அணைத்து, கூடி நிற்பவர்களையும் பேசாமல் இருக்கச் சொல்லி, ஐந்து நிமிடம் காதைக் கொடுத்துக் கேளுங்கள். மகன் எங்கோ உட்கார்ந்து விசில் ஊதிக்கொண்டிருப்பான்.