ஒடிந்த கள்ளித் துண்டிலிருந்து புதுச் செடி: கேள்வி பதில்

கள்ளி ஒடிந்துவிட்டது என்று வந்த கேள்விகளுக்கு முடிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று: ஒடிந்த துண்டுக்கு அவசரம் எதுவும் இல்லை. அவசரமெல்லாம் நமக்குத்தான்.

கே: முழ உயரத் தூண் கள்ளி பாதியில் ஒடிந்து விழுந்துவிட்டது. மேல்துண்டை உடனே மண்ணில் ஊன்றிவிடலாமா?

கூடாது. ஒடிந்த இடம் பிய்ந்தும் நசுங்கியும் இருக்கும். அந்தச் சதையில் பூஞ்சை எளிதாக நுழையும். கூரான கத்தியை ஸ்பிரிட்டால் துடைத்து, நசுங்கிய பகுதிக்குச் சற்று மேலே ஒரே வீச்சில் வெட்டுங்கள். வெட்டுமுகத்தின் நடுவில் சிறு வளையம் ஒன்று தெரியும். நீரைக் கொண்டுசெல்லும் குழாய்கள் இருக்கும் இடம் அது. வளையமும் சுற்றியுள்ள சதையும் வெளிறிய பச்சையாகவோ வெள்ளையாகவோ இருந்தால் கவலையில்லை. செம்பழுப்பாக ஒரு புள்ளி தெரிந்தாலும் அழுகல் ஏறியிருக்கிறது என்று பொருள். கத்தியை மறுபடி துடைத்துவிட்டு இன்னும் மேலே வெட்டுங்கள். சுத்தமான சதை வரும்வரை விடாதீர்கள்.

அடுத்து, வெட்டுமுகத்தின் விளிம்பைப் பென்சில் சீவுவதுபோல் சுற்றிலும் சரிவாகச் சீவிவிடுங்கள். பலர் இதைச் செய்வதில்லை. காயம் உலரும்போது நடுச்சதை உள்வாங்கும். தடித்த வெளித்தோல் அந்த அளவுக்குச் சுருங்காது. சீவாமல் விட்டால் அடிப்பகுதி குழிந்துபோய், வேர் கிளம்பும் அந்த வளையம் மண்ணைத் தொடாமல் மேலேயே நின்றுவிடும்.

பிறகு நிழலில், காற்றோட்டமான இடத்தில் வைத்துக் காயத்தை ஆறவிடுங்கள். விரல் பருமன் துண்டுக்கு ஏறக்குறைய ஒரு வாரம், மணிக்கட்டுப் பருமனுக்கு 2 முதல் 3 வாரம், அதைவிடத் தடித்தால் ஒரு மாதம்கூட ஆகும். வெட்டுமுகம் ஈரமே இல்லாமல், தொட்டால் கெட்டியாக இருக்க வேண்டும். அதன் பிறகே ஊன்றுங்கள். வேர்விடும்வரை தண்ணீர் வேண்டாம். நீண்ட துண்டை ஒரு காலித் தொட்டிக்குள் நிமிர்த்தியே வையுங்கள். படுக்கப்போட்டால் நுனி வெளிச்சத்தை நோக்கி வளையும். வேரும் பக்கவாட்டில் கிளம்பும்.

கே: மிஞ்சிய அடிக்கட்டையைப் பிடுங்கிவிடவா?

வேண்டவே வேண்டாம். மேல்முனையைச் சற்றுச் சாய்வாக வெட்டி, தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெட்டுக்குக் கீழே உள்ள முள்மெத்தைகளிலிருந்து, அதாவது முட்கள் கிளம்பும் பஞ்சுபோன்ற சிறு மேடுகளிலிருந்து, புதுக் கிளைகள் வரும்.

கே: சப்பாத்திக்கள்ளி மடல் ஒன்று கழன்று விழுந்துவிட்டது. பிழைக்குமா?

இதைவிட எளிதாக வேர்விடும் கள்ளி இல்லை. காயம் ஆறியதும் கால்பங்கு ஆழத்துக்கு ஊன்றுங்கள். வெறுங்கையால் மட்டும் தொடாதீர்கள். பெரிய முள் குத்தினால் தெரியும். மெத்தையில் அடர்ந்திருக்கும் மயிரிழை முட்கள் தோலில் நூற்றுக்கணக்கில் ஏறிக்கொள்ளும். இடுக்கியால் பிடியுங்கள்.

வேண்டாத மடலைத் தரிசில் வீசாதீர்கள். விழுந்த இடத்தில் வேர்விடுவதுதான் அதன் இயல்பு. ஆஸ்திரேலியாவில் 1920களில் கோடிக்கணக்கான ஏக்கர் நிலத்தை இந்தச் செடி மூடியது. அர்ஜென்டினாவிலிருந்து ஓர் அந்துப்பூச்சியைக் கொண்டுவந்து, அதன் புழுக்களைத் தின்னவிட்டுத்தான் அடக்கினார்கள்.

கே: ஒடிந்த இடத்தில் வெள்ளைப் பால் வடிகிறது. துடைத்துவிடலாமா?

முதலில் கையைக் கழுவுங்கள், கண்ணைத் தொடாதீர்கள். முட்கள் பஞ்சுபோன்ற சிறு மெத்தையிலிருந்து கிளம்பாமல் நேராகத் தண்டிலிருந்தே வந்தால், உங்களிடம் இருப்பது பெரும்பாலும் யூஃபோர்பியா, கள்ளிபோலத் தோன்றும் வேறு குடும்பச் செடி. அந்தப் பால் கண்ணில் பட்டால் மருத்துவரிடம் ஓட வேண்டியிருக்கும். உண்மையான கள்ளிகளிலும் மாமில்லேரியா இனத்தில் சிலவற்றுக்குப் பால் உண்டு. அதனால் பாலை மட்டும் வைத்து முடிவுசெய்ய வேண்டாம். யூஃபோர்பியா வளர்ப்பை அதில் தேர்ந்தவர்களிடம் கேளுங்கள்.

கே: சிவப்பு உருண்டைக் கள்ளியின் தலை கழன்றுவிட்டது. அதை நடலாமா?

வேர்விட்டாலும் வாழாது. அதில் பச்சையம் இல்லை. கீழே இருந்த பச்சைத் தண்டுதான் உணவு கொடுத்தது. தலை இன்னும் வாடாமல் இருந்தால் வேறொரு பச்சைத் தண்டில் ஒட்டுக்கட்டலாம்.

கே: நான் துண்டைத் தண்ணீர்க் குவளையில் நிறுத்தினேன், அருமையாக வேர்விட்டது. தண்ணீரென்றால் நீங்கள் ஏன் இவ்வளவு பயப்படுகிறீர்கள்?

வேர்விட்டிருக்கும், மறுக்கவில்லை. ஆனால் வேரை உண்டாக்கியது உங்கள் குவளை அல்ல, துண்டு தன் சதையில் சேமித்து வைத்திருந்த நீரும் உணவும். தண்ணீருக்குள் முளைக்கும் வேர் தண்ணீருக்கே பழகியது. மண்ணுக்கு மாற்றினால் அதில் பெரும்பகுதி கருகி, செடி மறுபடி வேர்விட வேண்டியிருக்கும். ஆறாத காயம் தண்ணீரில் ஊறினால் அழுகலுக்கு வாசல் திறந்ததாகிவிடும்.

கே (அதே நண்பர்): வெட்டுமுகம் தண்ணீரைத் தொடவே இல்லை. ஒரு விரற்கடை மேலேதான் நின்றது.

இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், இது வேறு முறை. காயம் ஆறிய பிறகு இப்படி நிறுத்தினால் அடியில் இருக்கும் ஈரக்காற்று வேரைத் தூண்டும். அதை நான் எதிர்க்கவில்லை. ஆறுவதற்கு முன் நிறுத்துவதைத்தான் எதிர்க்கிறேன்.

கே (வேறொருவர்): தண்ணீரே கொடுக்காவிட்டால் துண்டு தாகத்தில் செத்துவிடாதா?

சாகாது. மெழுகு பூசிய தோல் அதற்கு. பகலில் தோலிலுள்ள நுண்துளைகளை மூடிக்கொண்டு இரவில் திறந்து கரியமில வாயுவை எடுத்துக்கொள்ளும். அதனால் இழக்கும் நீர் மிகக் குறைவு. வேரில்லாத துண்டு ஈர மண்ணிலிருந்து பெரிதாக எதையும் உறிஞ்சாது, அழுகத்தான் செய்யும். துண்டு லேசாகச் சுருங்குவது நல்ல அறிகுறிதான். வேர்விடத் தன் கையிருப்பைச் செலவழிக்கிறது. தாகத்தில் செத்த துண்டைவிடத் தண்ணீரில் செத்த துண்டைத்தான் நான் மிக அதிகமாகப் பார்த்திருக்கிறேன்.

கே: என்னுடையது கிறிஸ்துமஸ் கள்ளி. அதையும் வாரக்கணக்கில் உலரவிடவா?

வேண்டாம். அது காட்டு மரங்களின் மேல் வாழும் இனம். இரண்டு மூன்று கணுக்களோடு திருகி எடுத்து, ஓரிரு நாள் ஆறவிட்டு, லேசான ஈரமுள்ள கலவையில் ஊன்றுங்கள்.

கே: மணல் போதுமா? வேர்விடும் ஹார்மோன் பொடி வேண்டுமா?

பொடி கட்டாயமில்லை. மென்மணல் இறுகிப்போகும், கடல்மணலில் உப்பு. பெர்லைட் (நுரைபோன்ற இலேசான வெள்ளைக் கல்துகள்), எரிமலைக்கல் பொடி அல்லது பருமணல் பாதிக்கு மேல் இருக்கட்டும்.

கே: ஒடிந்த துண்டை எப்போது ஊன்றலாம்?

முதல் பதிலைப் படியுங்கள்.

கே: இன்று காலை ஒடிந்தது. இன்றே நட்டுத் தண்ணீர் ஊற்றிவிட்டேன். பரவாயில்லையா?

பிடுங்குங்கள். மண்ணைத் தட்டி, அடியை மெல்லியதாக ஒரு சீவு சீவி, காயம் ஆறட்டும்.

கே: ஊன்றி மூன்று வாரமாகிறது. வேர் வந்திருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தினமும் பிடுங்கிப் பார்க்காதீர்கள். புது வேர் நூலைவிட மெல்லியது, முறிந்துவிடும். இடுக்கியால் பிடித்து மிக லேசாக அசைத்துப் பாருங்கள். மண் பிடித்துக்கொண்டால் வேர் உண்டு. முதல் தண்ணீரை அப்போது கொடுங்கள். கலவை முழுக்க உலர்ந்த பிறகே அடுத்தது. ஆட்டம் கண்டால் இன்னும் இரண்டு வாரம் விட்டுப் பாருங்கள். குளிர்காலமாக இருந்தால் வெயில் ஏறும்வரை அப்படியே இருக்கட்டும்.