முதலில் அந்தச் செக்கைக் கவனியுங்கள்

கேள்வி: அரியமான் கடற்கரையில் ஸ்டால் போட்டிருக்கிறேன். போனைச் செருகிப் பார்க்கும் விஆர் பெட்டியில் மன்னார் வளைகுடா பவளப்பாறை வீடியோ காட்டலாம் என்று சென்னை வியாபாரியிடம் 12 பெட்டி வாங்கினேன். 30,000 ரூபாயில் 12,000 கொடுத்தாயிற்று; மீதிக்கு அடுத்த மாதத் தேதி போட்டு செக். என் போன்களில் தலையைத் திருப்பினால் படம் திரும்பவே இல்லை. கேட்டால் கேவலமாகப் பேசுகிறார். செக்கை நிறுத்திவிட்டு நுகர்வோர் வழக்கு போடலாமா?
- வாசகர், உச்சிப்புளி

பதில்: அவர் பேசிய பேச்சை விடுங்கள், அதற்கு வழக்கில் வேலை இல்லை.

பெட்டி என்பது லென்ஸ் வைத்த வெறும் கூடு. தலை அசைவைக் கண்டுபிடிப்பது போனுக்குள் இருக்கும் கைரோஸ்கோப். விலை குறைந்த பல போன்களில் அது கிடையாது. அது வேண்டும் என்று நீங்கள் அனுப்பிய அட்டைப் படத்திலேயே ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது. ‘எல்லா போனிலும் ஓடும்’ என்று அவர் வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தால் ஒழிய உங்கள் வழக்கு பலவீனம்தான். ஸ்டாலை நீங்களே நின்று நடத்திப் பிழைப்பவர் என்றால் ராமநாதபுரம் நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம். 2 ஆண்டு அவகாசம் உண்டு, அவசரமில்லை.

அவசரம் செக்குக்குத்தான். ‘ஸ்டாப் பேமென்ட்’ சொன்னால் தீர்ந்தது என்று நம்பி வந்து மாட்டிக்கொண்டவர்கள் என்னிடம் நிறையப் பேர். நிறுத்திய செக்கும் 138-இல், அதாவது செக் பணமாகாமல் திரும்பினால் குற்ற வழக்கு போடும் சட்டப் பிரிவில், வரும். பணம் தர வேண்டியதில்லை என்று காட்டும் பாடு உங்களுடையது. வழக்கு நடப்பதோ அவருடைய வங்கிக் கிளை இருக்கும் ஊரில். 18,000 ரூபாய்க்காக வாய்தாவுக்கு வாய்தா எழும்பூருக்கு ரயில் ஏறப் போகிறீர்களா? அப்புறம், செக் திரும்பியதென்று பணம் கேட்டு அவருடைய நோட்டீஸ் வந்தால் ‘ஆள் இல்லை’ என்று தபால்காரரைத் திருப்பி அனுப்பாதீர்கள். முகவரி சரியாக இருந்தால் சேர்ந்ததாகவே எடுத்துக்கொள்வார்கள். பணத்தைக் கட்ட இருக்கும் 15 நாள் கெடு உங்களுக்குத் தெரியாமலே ஓடிவிடும்.

சமாதானமாகப் போங்கள். செக் தேதிக்கு முன்னால் பேசி, 12 பெட்டியையும் திருப்பிக் கொடுங்கள். முன்பணத்தில் நாலாயிரம், ஐயாயிரம் போனால் போகட்டும். ஆனால் செக் கைக்கு வராமல் பெட்டியைக் கொடுக்காதீர்கள். என் கட்சிக்காரர் ஒருவர், தெரிந்த ஆள்தானே என்று பணத்தை ரொக்கமாகக் கொடுத்துவிட்டு, ரசீதும் வாங்காமல், செக்கையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தார். மறு மாதமே அது வங்கிக்குப் போய்விட்டது. கடைசியில் அதே தொகையை இன்னொரு தடவை கட்டித்தான் வெளியே வந்தார்.