பிரெஞ்சு வினைச்சொற்கள்: அசை எங்கே பிரிகிறது, அழுத்தம் எங்கே விழுகிறது?

கேள்வி: என் மகள் பிளஸ் டூவில் பிரெஞ்சு படிக்கிறாள். 'பேசுகிறேன், பேசுகிறாய், பேசுகிறார்கள்' மூன்றையும் 'பார்ல்' என்றே வாசிக்கிறாள். எழுத்தில் மூன்றும் வேறாயிற்றே?

பதில்: சரியாகத்தான் வாசிக்கிறாள். மூன்றுக்கும் பேச்சில் ஒரே அசை. படர்க்கைப் பன்மையின் ஈற்றில் நிற்கும் ஈ-என்-டி ஒலிக்காது. ஆனால் இது வினைக்கு மட்டும். கன்னிமாடம் என்ற பெயர்ச்சொல் 'கூவான்'. கோழிகள் அடைகாக்கின்றன என்னும் வினை வெறும் 'கூவ்'. இரண்டுக்கும் எழுத்துக்கூட்டல் ஒன்றே! வினையா, பெயரா என்று தெரியாமல் அசை பிரிக்கவே முடியாது.

கேள்வி: 'ஈல் பார்ல்' (அவன் பேசுகிறான்) என்றால் அழுத்தம் 'பார்ல்' மேல். பின்னால் சொல் சேர்ந்தால்?

பதில்: நகர்ந்துவிடும். 'ஈல் பார்ல் பிரான்ஸே' என்றால் 'ஸே' மேல். பிரெஞ்சில் அழுத்தம் தனிச்சொல்லின் சொத்து அல்ல. ஒரே மூச்சில் சொல்லும் தொடரின் கடைசி அசைக்கு உரியது. அடுத்த சொல் உயிரில் தொடங்கினால் அசையும் மாறும்: 'பார்ல் ஆ மாரி' என்பது 'பார்-லா-மா-ரி' ஆகும். 'நாடு', 'இல்லை' சேர்ந்து 'நாடில்லை' ஆவதைப் பார்த்த நமக்கு இது கைவந்த வித்தை.

கேள்வி: 'அழைக்கிறோம்' என்பதில் ஒரு எல், 'அழைக்கிறேன்' என்பதில் இரண்டு எல். ஏன்?

பதில்: எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. 'அழைக்கிறோம்': அ-ப்பெ-லோன். அழுத்தம் 'லோன்' மேல்; நடுவில் உள்ள 'பெ' தேய்ந்து 'அப்-லோன்' என்றே பலர் வாயில் வரும். 'அழைக்கிறேன்' என்னும் 'அ-பெல்'லில் ஈற்று ஈ ஊமை. அழுத்தம் முந்திய அசைக்கு வர, தேய்ந்த உயிர் அதைத் தாங்காமல் திறந்த 'எ' ஆகிறது. அதைக் காட்டவே இரட்டை எல். 'தூக்கு' வினையான 'லெவே'யில் அதே வேலையை ஈயின் தலைமேல் இடும் சாய்கோடு செய்கிறது.

அழுத்தம் மட்டுமே காரணமென்றால் எதிர்காலத்தில் உதைக்கும். 'அழைப்பேன்' என்னும் 'அ-பெல்-ரே'யில் அழுத்தம் ஈற்றில். ஆனாலும் இரண்டு எல். எனவே பார்க்க வேண்டியது அடுத்த அசை: அதில் ஊமை ஈ இருந்தால் முந்திய உயிர் திறக்கும். 1990 எழுத்துச் சீர்திருத்தம் 'விட்டுக்கொடு' வினையான 'ஸெதே'யின் எதிர்காலத்திலும் சாய்கோட்டின் திசையை மாற்றி எழுத இடம் தந்தது இதனால்தான்.

இந்த ஊசலாட்டத்தின் வேர் லத்தீன். 'சாகிறேன்' 'மெர்', 'சாகிறோம்' 'மூரோன்'. அழுத்தம் பெற்ற லத்தீன் உயிர் ஒரு வழி போயிற்று, பெறாதது வேறு வழி. பழைய பிரெஞ்சில் 'நேசிக்கிறோம்' கூட 'அமோன்' என்றே இருந்தது. பிற்பாடுதான் 'எமோன்' என்று சமப்பட்டது.

கேள்வி: ஊமை ஈ எப்போதாவது அழுத்தம் பெறுமா?

பதில்: பெறும். 'அதைக் கொடு' என்னும் 'தோன்-லெ'யில் ஈற்று 'லெ' முழுசாக, அழுத்தத்தோடு ஒலிக்கும். 'ழெ-லெ-தோன்' (அதைக் கொடுக்கிறேன்) என்று வினைக்கு முன்னால் வந்தால் அதே 'லெ' மறுபடி தேய்ந்துவிடும்.