அறிவொளிக் காலத் தத்துவத்தைப் படிப்பதால் இன்று என்ன பயன்?

தத்துவ இளங்கலையில் சேரப்போவதாகச் சொல்லி, வீட்டில் "அதைப் படிச்சு சாமியாராப் போறியா?" என்று வாங்கிக் கட்டிக்கொண்டுதான் இதைக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எனக்கும் அதே பாட்டுதான் கிடைத்தது. இப்போது ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். ஆகவே வேலை கிடைக்குமா என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.

அறிவொளிக் காலம் என்பது, மதத்தையும் அதிகாரத்தையும் பகுத்தறிவால் கேள்வி கேட்ட 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பா. பலரும் ஜெர்மன் தத்துவவாதி கான்ட்டிடமிருந்து தொடங்கச் சொல்வார்கள். சொந்த அறிவைப் பயன்படுத்தத் துணியுங்கள் என்று அவர் 1784இல் எழுதியது தேர்வுக்கு உதவும். நான் துலூஸிலிருந்து தொடங்கச் சொல்வேன்.

1761 அக்டோபர் 13 இரவு, அந்தப் பிரெஞ்சு நகரத்தில் ழான் கலாஸ் என்ற துணி வியாபாரியின் மூத்த மகன் கடையில் இறந்து கிடந்தான். குடும்பம் புராட்டஸ்டண்ட், ஊர் கத்தோலிக்கம். மகன் மதம் மாறப்போகிறான் என்று அப்பனே கொன்றுவிட்டான் என ஊர் பேசியது. அந்தப் பேச்சே வழக்காகிவிட்டது. தற்கொலை செய்தவர் உடலைத் தெருவில் இழுத்துப்போகிற காலம் அது. அதற்குப் பயந்து, பையன் தூக்கில் தொங்கியதை வீட்டார் முதலில் மறைத்தார்கள். அதுவே அவர்களுக்கு வினையாயிற்று. 1762 மார்ச் 10 அன்று 63 வயதுக் கலாஸைச் சக்கரத்தில் கட்டி, எலும்புகளை முறித்துக் கொன்றார்கள். கடைசிவரை தான் குற்றவாளி இல்லை என்றே சொன்னார்.

அந்தக் காலப் பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர் இதைக் கேள்விப்பட்டதும் எடுத்த எடுப்பில் பொங்கவில்லை. ஜெனீவாவிலிருந்த கலாஸின் கடைசி மகனை வரவழைத்து விசாரித்தார். பிறகு சாதாரணக் கேள்வி ஒன்றைக் கேட்டார்: கால் தளர்ந்த கிழவர் 28 வயது வாலிபனைத் தனியாளாக எப்படித் தூக்கில் மாட்டுவார்? முடியாதென்றால் கத்தோலிக்க வேலைக்காரி உட்பட வீட்டிலிருந்த எல்லோரும் கூட்டு. அப்படியானால் கிழவருக்கு மட்டும் ஏன் மரணம்? துலூஸ் நீதிமன்றத்தில் கால் சாட்சி, அரைக்கால் சாட்சி என்று கூட்டிக் கணக்குப் போடுவார்கள். எட்டு வதந்தி சேர்ந்தால் ஒரு முழுச் சாட்சி ஆகிவிடுமே என்று பிற்பாடு நக்கலடித்தார். 1765 மார்ச் 9 அன்று கலாஸ் நிரபராதி என்று தீர்ப்பு வந்தது. குற்றம் நிரூபணமாகும்வரை எவரும் நிரபராதியே என்பது பிரான்ஸின் 1789 மனித உரிமைப் பிரகடனத்தின் 9ஆவது பிரிவாக ஏறியது. அதற்கு இந்த ஒரு வழக்குதான் காரணம் என்று நான் சொல்லவில்லை.

உடனே சிலர் சண்டைக்கு வருவீர்கள், தெரியும். யூதர்களைப் பற்றி வால்டேர் எழுதியவை அசிங்கம்தான். அதே காலத்து ஸ்காட்லாந்துத் தத்துவவாதி ஹியூம் 1753இல் கறுப்பின மக்களைத் தாழ்த்தி அடிக்குறிப்பு எழுதியதும் உண்மைதான். இவர்களைக் கும்பிடச் சொல்லவில்லை, கேள்வி கேட்கும் விதத்தைத்தான் சொல்கிறேன்.

எங்கள் குடியிருப்பில் ஒரு வீட்டில் செயின் காணாமல் போனது. வீட்டுவேலை செய்யும் அக்காதான் எடுத்தார் என்று சங்கக் கூட்டத்தில் முடிவே செய்துவிட்டார்கள். "யார் பார்த்தது?" என்று கேட்டேன். செயலாளர் வாட்ச்மேனைக் காட்டினார். வாட்ச்மேன், மூன்றாவது மாடி அம்மா சொன்னதாகச் சொன்னார். அந்த அம்மாவோ, "குரூப்ல போட்டிருந்தாங்களே" என்றார். குரூப்பில் போட்டவர் செயலாளர்! எனக்குக் கலாஸ் ஞாபகம் வந்துவிட்டது. அதைச் சொல்லாமல், வந்த வரிசையை மட்டும் எல்லோர் முன்னாலும் திருப்பிச் சொன்னேன். கொஞ்ச நேரம் யாரும் வாய் திறக்கவில்லை. போலீசுக்குப் போகிற பேச்சு அதோடு நின்றது. செயின் கிடைக்கவில்லை. அந்த அக்காவை இரண்டு வீடுகளில் நிறுத்தியும் விட்டார்கள். அதை என்னால் தடுக்க முடியவில்லை.

அதிலிருந்து செயலாளருக்கு நான் "பெரிய வக்கீலம்மா". லிஃப்ட் தீபாவளியிலிருந்து ஓடவில்லை. பராமரிப்புக் கட்டணத்தை மட்டும் தேதி தவறாமல் வாங்குகிறார். கணக்குக் கேட்டால், "நீங்க தத்துவம் படிச்சவங்க, உங்களுக்கு இதெல்லாம் புரியாது" என்கிறார். மாதம் முழுக்க நான் பார்ப்பதே கணக்குதான் சார்!