நாகாபந்தியில் ஊதச் சொன்னால்: வாசகர் கேள்விகளும் சட்ட விளக்கமும்

குடித்துவிட்டு வண்டி ஓட்டிய வழக்குகளைப் பற்றி மும்பை வாசகர்கள் எழுதிய கடிதங்களில் நான்கு இந்த இதழில் இடம்பெறுகின்றன. எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: வக்கீல் ஐயாவுக்கு வணக்கம். போன மாதம் ஒரு சனிக்கிழமை இரவு, தாதரில் நண்பனின் வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டு ஸ்கூட்டரில் திரும்பிக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு லார்ஜ்தான் குடித்திருந்தேன். வழியில் நாகாபந்தி (போலீஸாரின் சாலைத் தடுப்புச் சோதனை) போட்டிருந்தார்கள். ஊதச் சொன்னார்கள், மீட்டரில் 47 என்று வந்தது. லைசென்ஸை வாங்கிக்கொண்டு ஒரு ரசீது கொடுத்து, கோர்ட்டுக்கு வரச் சொல்லிவிட்டார்கள். எங்கள் சால் குடியிருப்பில் இருக்கும் ஒருவர், ஐந்தாயிரம் கொடுத்தால் கேஸே இல்லாமல் செய்துவிடுவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா?
– வாசகர், சயான் கோலிவாடா

பதில்: கொடுக்காதீர்கள். சிக்னலைத் தாண்டியதற்கும் ஹெல்மெட் போடாததற்கும் போக்குவரத்து போலீஸாரிடமே அபராதம் கட்டி முடித்துக்கொள்ள மோட்டார் வாகனச் சட்டம் இடம் தருகிறது. அப்படிச் சமரசமாக முடித்துக்கொள்ளத்தக்க குற்றங்களை அந்தச் சட்டத்தின் 200-ஆவது பிரிவு பட்டியலிடுகிறது. குடித்துவிட்டு ஓட்டுவது பற்றிய 185-ஆவது பிரிவு அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே உங்கள் வழக்கை மாஜிஸ்திரேட் ஒருவரால்தான் முடிக்க முடியும். இடையில் யார் பணம் கேட்டாலும் அது லஞ்சமாக இருக்கும், இல்லையேல் ஏமாற்றாக இருக்கும். லஞ்சம் கொடுப்பவரும் தண்டனைக்கு உரியவர் என்று 2018-ல் ஊழல் தடுப்புச் சட்டம் திருத்தப்பட்டுவிட்டதால், பத்தாயிரம் ரூபாய் அபராத வழக்கிலிருந்து தப்பப் போய் ஏழாண்டு வரை சிறைத் தண்டனை உள்ள இன்னொரு வழக்கில் நீங்கள் சிக்கக்கூடும்.

"ஒரே ஒரு லார்ஜ்" என்று எழுதியிருக்கிறீர்கள். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் இதைத்தான் சொல்கிறார்கள். அவர்கள் பொய் சொல்வதாக நான் நினைப்பதில்லை. நூறு மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தாலே குற்றம் என்பது சட்டம். ஒரு லார்ஜ், அதாவது 60 மில்லி விஸ்கியில் ஏறத்தாழ 20 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. எழுபது கிலோ எடையுள்ள ஆணின் இரத்தத்தில் அது மட்டுமே 40 மில்லிகிராமுக்கு மேல் கொண்டுபோய் விட்டுவிடும். உங்கள் மீட்டர் காட்டிய 47 அதற்கு வெகு அருகில்தான் இருக்கிறது. நிதானம் தவறவில்லை என்பதும், வண்டி தடுமாறவில்லை என்பதும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் சட்டம் பார்ப்பது எண்ணை மட்டுமே. காருக்கும் ஸ்கூட்டருக்கும் இதில் வேறுபாடு கிடையாது.

நீதிமன்றத்தில் உங்கள் முன்னால் இரண்டு வழிகள் இருக்கும். குற்றத்தை ஒப்புக்கொண்டால் பெரும்பாலும் அன்றே வழக்கு முடிந்துவிடும். முதல் குற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று 2019 செப்டம்பர் முதல் நடைமுறையில் உள்ள திருத்தம் கூறுகிறது. மறுமுறை சிக்கினால் இரண்டாண்டு வரை சிறை, அல்லது பதினைந்தாயிரம் ரூபாய், அல்லது இரண்டும். முதல் முறை சிக்கியவர்களில் பலர் அபராதத்தோடு வெளியே வருகிறார்கள் என்றாலும், சிறைத் தண்டனை விதிப்பதும் மாஜிஸ்திரேட்டின் அதிகாரத்துக்கு உட்பட்டது என்பதை மறந்துவிட வேண்டாம். ஒப்புக்கொள்ளாமல் வழக்கை நடத்துவதானால், மீட்டர் அச்சிட்டுத் தந்த சீட்டு, அதில் உங்கள் கையெழுத்து, கருவி சரிபார்க்கப்பட்டதற்கான சான்று, சோதித்த அதிகாரியின் சாட்சியம் ஆகியவற்றை அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டியிருக்கும். உங்கள் வழக்கில் குறை ஏதும் கடிதத்திலிருந்து எனக்குத் தெரியவில்லை. ஆவணங்களை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிட்டு முடிவு செய்யுங்கள். ஆவணங்கள் மராத்தியில் இருந்தால், வரிக்கு வரி பொருள் கேட்காமல் எதிலும் கையெழுத்திட வேண்டாம். வருமானம் குறைந்தவர் என்றால் சட்ட உதவி ஆணையத்தின் மூலம் இலவசமாகவே வழக்கறிஞர் கிடைப்பார்.

அபராதத்தைவிட உங்களை அதிகம் பாதிக்கப்போவது லைசென்ஸ்தான். 185-ஆவது பிரிவில் குற்றவாளி என்று தீர்ப்பானால், குறைந்தது ஆறு மாதத்துக்கு வாகனம் ஓட்டத் தகுதியிழப்பு செய்தாக வேண்டும் என்று 20-ஆவது பிரிவு நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்துகிறது. இது தவிர, போலீஸார் உங்கள் லைசென்ஸை ஆர்.டி.ஓ.வுக்கு அனுப்புவார்கள், அங்கும் உங்களை விசாரித்துவிட்டு, முதல் குற்றத்துக்கு மூன்று மாதம் தகுதியிழப்பு செய்யலாம், மீண்டும் செய்தால் லைசென்ஸையே ரத்து செய்யலாம். கையில் உள்ள ரசீதைக் காட்டி வண்டி ஓட்டலாம் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இந்தக் குற்றத்துக்காகத் தரப்படும் ரசீது ஓட்டும் உரிமையைத் தருவதில்லை என்று 206-ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. ஆகவே லைசென்ஸ் திரும்ப வரும் வரை ஸ்கூட்டரை எடுக்காதீர்கள்.

கேள்வி: ஐயா, நான் தாராவியில் இருந்து காலி-பீலி (கறுப்பு-மஞ்சள்) டாக்ஸி ஓட்டுகிறேன். எனக்குக் குடிப்பழக்கமே கிடையாது. இருமலுக்கு மருந்து குடிப்பேன், வாய் நாற்றத்துக்கு மவுத்வாஷ் கொப்பளிப்பேன். இதனால் மீட்டரில் ஏதாவது வந்துவிட்டால் என் பிழைப்பே போய்விடும். ஊத மாட்டேன் என்று சொல்ல எனக்கு உரிமை உண்டா?
– வாசகர், தாராவி

பதில்: மறுப்பது உங்களுக்கே பாதகமாக முடியும், அண்ணாச்சி. குடித்திருப்பார் என்று சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தால், சீருடையில் உள்ள போலீஸ் அதிகாரி உங்களை அங்கேயோ அருகிலோ ஊதச் சொல்லலாம் என்று 203-ஆவது பிரிவு அதிகாரம் தருகிறது. ஊத மறுப்பவர் குடித்திருக்கக்கூடும் என்று கருத இடமிருந்தால் வாரண்ட் இல்லாமலே கைது செய்யலாம். காரணமின்றி மறுத்தது பிறகு வழக்கில் உங்களுக்கு எதிரான ஆதாரமாகவும் எடுத்துக்கொள்ளப்படும். குடிக்காதவர் மறுத்தால், இல்லாத குற்றத்துக்குச் சாட்சியத்தைத் தாமே உண்டாக்கிக் கொடுத்தவர் ஆவார்.

உங்கள் அச்சத்தில் நியாயமில்லாமல் இல்லை. சில மருந்துகளிலும் மவுத்வாஷ்களிலும் ஆல்கஹால் உண்டு. கொப்பளித்த சில நிமிடங்களுக்கு அது வாயிலேயே தங்கியிருந்து, இரத்தத்தில் துளியும் இல்லாதவருக்கும் மீட்டரில் எண்ணைக் காட்டிவிடும். ஆனால் வாயில் உள்ள ஆல்கஹால் பொதுவாகப் பதினைந்து நிமிடத்துக்குள் மறைந்துவிடும்; இரத்தத்தில் உள்ளது அப்படி மறையாது. ஆகவே இப்படிச் சொல்லுங்கள்: "சார், நான் குடிப்பதில்லை, இப்போதுதான் மருந்து குடித்தேன். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி ஊதுகிறேன்." மருந்துப் புட்டியும் சீட்டும் வண்டியிலேயே இருக்கட்டும். ஒவ்வொருவருக்கும் புதுக் குழாய் மாட்டுகிறார்களா என்று பாருங்கள். மாட்டவில்லை என்றால் பணிவாகக் கேளுங்கள்.

அப்போதும் எண் இறங்காமல் கைது செய்தால், ஸ்டேஷனில் மறுபடி ஊத வாய்ப்புத் தர வேண்டும் என்பது சட்டம். இரத்தப் பரிசோதனைக்கு நீங்களே வற்புறுத்துங்கள். மருத்துவர்தான் இரத்தம் எடுக்க வேண்டும், பெண்ணிடம் ஆண் மருத்துவர் எடுப்பதானால் பெண் ஒருவர் உடனிருக்க வேண்டும். கைதான இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை நடக்காவிட்டால் காவலிலிருந்து விடுவித்துவிட வேண்டும் என்று 202-ஆவது பிரிவு கூறுகிறது. இது ஜாமீனில் வரக்கூடிய குற்றம் என்பதால் ஸ்டேஷனிலேயே ஜாமீன் பெறலாம்.

கேள்வி: ஐயா, என் கணவர் பால் வண்டி டெம்போ ஓட்டுகிறார். தினமும் இரவு பத்து மணிக்கு ஒரு குவார்ட்டர் குடித்துவிட்டுப் படுப்பார். காலை நான்கு மணிக்கு வண்டியை எடுப்பார். "தூங்கி எழுந்தாலே இறங்கிவிடும், குளித்துவிட்டு டீ குடித்தால் ஒன்றும் இருக்காது" என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. எங்களுக்குப் பெண் குழந்தைகள் இரண்டு பேர். ஏதாவது ஆகிவிட்டால் இன்சூரன்ஸ் உதவுமா?
– வாசகி, செம்பூர்

பதில்: சகோதரி, உங்கள் பயம் சரியானது. உங்கள் கடிதத்தை உங்கள் கணவரும் படிக்க வேண்டும் என்பதால் கணக்காகவே எழுதுகிறேன். 180 மில்லி மதுவில் சுமார் 60 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. எழுபது கிலோ எடையுள்ளவரின் இரத்தத்தில் அது 130 மில்லிகிராம் அளவுக்கு ஏறும். உடல் அதை மணிக்குச் சராசரியாக 15 மில்லிகிராம் வீதம்தான் வெளியேற்றுகிறது. பத்து மணியிலிருந்து நான்கு மணி வரை ஆறு மணி நேரம். அதில் 90 குறையும். மிச்சம் இருப்பது 40. அதாவது தூங்கி எழுந்து, முகம் கழுவி, திருநீறு பூசிக்கொண்டு டெம்போவில் ஏறுகிற அந்த நேரத்திலும் அவர் சட்டப்படி குடித்துவிட்டு ஓட்டுகிறவர்தான். எடை குறைந்தவராகவோ கல்லீரல் பாதிக்கப்பட்டவராகவோ இருந்தால் கணக்கு இன்னும் மோசமாகும். குளியலும், டீயும், எலுமிச்சைச் சாறும் தூக்கக் கலக்கத்தைப் போக்கலாம்; கல்லீரலின் வேலையை அவற்றால் விரைவுபடுத்த முடியாது.

விடியற்காலை நான்கு மணிக்கு மும்பைச் சாலைகள் காலியாக இருப்பதாகத் தோன்றும், ஆனால் அந்த நேரத்தில்தான் நடைபாதையில் மனிதர்கள் படுத்திருப்பார்கள். 2006 நவம்பர் 12 அன்று விடியுமுன், பாந்த்ராவின் கார்ட்டர் ரோட்டில், குடித்திருந்த ஓர் இளைஞர் ஓட்டிய கார் நடைபாதையில் தூங்கிக்கொண்டிருந்த கூலித் தொழிலாளர்கள் மேல் ஏறியது. ஏழு பேர் இறந்தார்கள், எட்டுப் பேர் காயமடைந்தார்கள். முதலில் கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாக மட்டுமே கருதி விசாரணை நீதிமன்றம் ஆறு மாதம் சிறை விதித்தது. உயர் நீதிமன்றம் அதைக் கொலையாகாத மரணம் விளைவித்த குற்றமாக உயர்த்தி மூன்றாண்டு என்றாக்கியது. 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. குடித்துவிட்டு ஓட்டினால் யாருக்கு என்ன ஆகும் என்பது ஓட்டுகிறவருக்குத் தெரிந்தே இருக்கிறது என்பதுதான் அந்தத் தீர்ப்பின் உட்பொருள். இன்றைய குற்றவியல் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் கவனக்குறைவால் மரணம் விளைவிப்பதற்கு ஐந்தாண்டு வரை சிறை (106-ஆவது பிரிவு). தெரிந்தே செய்த செயலால் நேர்ந்த மரணம் என்றால் பத்தாண்டு வரை (105-ஆவது பிரிவு).

இன்சூரன்ஸை நம்பியும் இருக்க முடியாது. ஓட்டியவர் போதையில் இருந்தார் என்று தெரிந்தால் டெம்போவுக்கு ஏற்பட்ட சேதத்துக்கு நிறுவனம் பணம் தர மறுக்கலாம். டில்லி இந்தியா கேட் அருகே 2007-ல் நடந்த கார் விபத்து வழக்கில், இரத்தத்தில் இருந்த ஆல்கஹால் அளவு பரிசோதனையில் பதிவாகாதபோதும், மற்றச் சூழ்நிலைகளை வைத்து நிறுவனம் மறுத்தது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2021-ல் தீர்ப்பளித்தது. விபத்தில் பாதிக்கப்பட்ட மூன்றாம் நபருக்கு, முதலில் நிறுவனமே இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு, பிறகு அதை உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளும்படி நீதிமன்றங்கள் உத்தரவிடுவது உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2022 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பிரிவுகளில், போதையில் ஓட்டியதையே நிறுவனம் எதிர்வாதமாக வைக்கலாம் என்று எழுதப்பட்டுவிட்டது. டெம்போ உங்கள் பெயரில் இருந்தால், பல லட்ச ரூபாய்க் கடன் உங்கள் தலையிலும் ஏறும்.

சென்ற ஆண்டு என்னிடம் வந்த ஒரு டிரைவர், இருபத்திரண்டு ஆண்டுகள் ஒரு கீறல்கூட இல்லாமல் வண்டி ஓட்டியவர். லைசென்ஸ் ரசீதைப் பாலிதீன் உறையில் போட்டுச் சட்டைப்பையில் வைத்திருந்தார். பேச்சுக்கு நடுவே அதை எடுத்து எடுத்துப் பார்த்தார். தகுதியிழந்த ஆறு மாதமும் பழைய முதலாளியின் கிடங்கிலேயே மூட்டை தூக்கினார். அவரும் முந்தின இரவு குடித்துவிட்டுக் காலையில் சிக்கியவர்தான். உங்கள் கணவர் இரவு வேலை முடிந்து மறுநாள் விடுமுறை இருக்கும் நாளில் மட்டும் குடிப்பது என்று வைத்துக்கொண்டால் சட்டத்தின் கைக்கு வெளியே இருப்பார். தினமும் குடிக்காமல் தூக்கம் வரவில்லை என்றால் அது வக்கீலிடம் சொல்ல வேண்டிய செய்தி அன்று. அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் குடியை நிறுத்தச் சிகிச்சை கிடைக்கும். நாள்பட்டுக் குடிப்பவர் ஒரேயடியாக நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும் என்பதால் மருத்துவரின் மேற்பார்வை அவசியம்.

கேள்வி: ஒரு விருந்துக்குப் பிறகு, குடித்திருந்த நண்பன் கேட்டான் என்று என் கார்ச் சாவியைக் கொடுத்தேன். அவன் பிடிபட்டான். எனக்கும் வழக்கு வருமா? நான் வெளிநாட்டு வேலைக்கு முயன்றுகொண்டிருக்கிறேன்.
– வாசகர், முலுண்ட்

பதில்: வரலாம். குடித்திருக்கிறார் என்று தெரிந்தே சாவியைக் கொடுப்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 188-ஆவது பிரிவின்படி உடந்தைக் குற்றமாகக் கொள்ளப்படலாம். ஓட்டியவருக்கு உள்ள தண்டனையே உடந்தையாக இருந்தவருக்கும் உண்டு. இதுவரை உங்கள் மேல் வழக்கு பதிவாகவில்லை என்றால், போலீஸார் கூப்பிட்டு விசாரிக்கும்போது நடந்ததை மாற்றிச் சொல்லாமல், ஒரு வழக்கறிஞரை உடன் வைத்துக்கொண்டு பதில் சொல்லுங்கள். வழக்கு பதிவானால், பாஸ்போர்ட் விண்ணப்பத்திலும் விசா படிவத்திலும் நிலுவையில் உள்ள குற்ற வழக்கைப் பற்றிக் கேட்கும் இடத்தில் "இல்லை" என்று எழுத வேண்டாம். நீதிமன்றத்தில் நிலுவையில் இருக்கும் வழக்கைக் காரணம் காட்டிப் பாஸ்போர்ட்டை மறுக்கலாம். அப்போது அந்த நீதிமன்றத்திலேயே அனுமதி கேட்டு மனு போடலாம்.