கறியை நிறுத்துவது இருக்கட்டும், முதலில் கணவரைப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள்

கேள்வி: மன்னார்குடி பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். வீட்டில் ஐந்து பேர். ஞாயிறு தவறாமல் ஒரு கிலோ ஆட்டுக்கறி எடுப்போம். கோடையில் மாமியார் உப்புக்கண்டம் போட்டு வைப்பார். கல்லூரியில் படிக்கும் மகன் சிக்கன் சாசேஜ் பாக்கெட்டுகளை வாங்கி ஃப்ரிட்ஜில் அடுக்கி, தினமும் பொரித்துச் சாப்பிடுகிறான். கறி சாப்பிடுவதும் சிகரெட் பிடிப்பதும் ஒன்றுதான் என்று வாட்ஸ்அப்பில் வந்த செய்தியைப் படித்ததிலிருந்து பயமாக இருக்கிறது. என் மாமனாருக்கு 56 வயதில் பெருங்குடல் புற்றுநோய் வந்து, ஒரே வருடத்தில் தவறிவிட்டார். கணவருக்கு இப்போது 47 வயது. கறியை அடியோடு நிறுத்திவிடலாமா டாக்டர்?

பதில்: உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது கறி இல்லை, மாமனாரைப் பற்றிய அந்த ஒரு வரிதான். அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் நீங்கள் கேட்டதைப் பார்ப்போம்.

அந்த வாட்ஸ்அப் செய்திக்கு அடிப்படை உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015 அக்டோபரில், 800-க்கும் மேற்பட்ட ஆய்வுகளை அலசி ஒரு முடிவைச் சொன்னது. சாசேஜ், சலாமி போலப் பதப்படுத்திய இறைச்சி புற்றுநோயை உண்டாக்கும். ஆடு, மாடு, பன்றி போன்ற சிவப்பு இறைச்சி அநேகமாக உண்டாக்கக்கூடும். பதப்படுத்திய இறைச்சியைப் புகையிலை இருக்கும் அதே முதல் பிரிவில் வைத்தார்கள். செய்தி திரிந்தது இங்கேதான். அந்தப் பிரிவு, ஆதாரம் எவ்வளவு உறுதி என்பதைச் சொல்கிறது. ஆபத்து எவ்வளவு பெரியது என்பதைச் சொல்லவில்லை. புகையிலையால் வரும் புற்றுநோயில் உலகில் ஆண்டுக்குப் பத்து லட்சம் பேர் இறக்கிறார்கள். பதப்படுத்திய இறைச்சி அதிகம் உண்பதால் இறப்பவர்கள் சுமார் 34,000 பேர் என்று அப்போது மதிப்பிட்டார்கள். இரண்டும் ஒன்றாகாது.

தினமும் 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய்க்கான வாய்ப்பு 18 சதவீதம் கூடுகிறது என்பது அவர்கள் தந்த கணக்கு. 18 என்றதும் நூறில் 18 பேருக்கு வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். ஒரு பேச்சுக்கு, ஆயிரம் பேரில் 20 பேருக்கு இந்த நோய் வரும் என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் பேரும் தினமும் அந்த 50 கிராமைச் சாப்பிட்டால் 20 என்பது 23, 24 ஆகும். சிறிய கூடுதல்தான். ஆனால் தினமும், வருடக்கணக்கில் என்றால் அதை ஏன் சுமக்க வேண்டும்?

இப்போது மகனின் சாசேஜ். "சிக்கன்தானே" என்று அவன் சொல்வான். கோழிக்கறி சிவப்பு இறைச்சி இல்லை, சரி. ஆனால் அதைப் பதப்படுத்தி சாசேஜ், சலாமி ஆக்கிவிட்டால் அதுவும் இந்தக் கணக்கில் வந்துவிடும். பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். சோடியம் நைட்ரைட் என்றோ, 250 என்ற எண்ணோ பொடி எழுத்தில் இருக்கும். கறி கெடாமலும் இளஞ்சிவப்பு மாறாமலும் இருக்கச் சேர்ப்பது. 252 என்றால் நம் ஊரில் வெடியுப்பு என்கிறோமே, அது. இவை குடலுக்குள் நைட்ரோசோ சேர்மங்களாக மாறி, குடலின் உள்தோலில் இருக்கும் செல்களின் மரபணுவைச் சேதப்படுத்துகின்றன. உங்கள் வீட்டில் நிறுத்த வேண்டிய உணவு ஒன்று உண்டென்றால் அது இதுதான். பையனுக்குக் கோழி பிடிக்கும் என்றால் நாட்டுக்கோழியோ பிராய்லரோ வாங்கிக் குழம்பு வையுங்கள்.

உப்புக்கண்டம் பற்றி எழுதும்போது எனக்குப் பாட்டி வீட்டு முற்றம்தான் நினைவுக்கு வருகிறது. கறியை நீள நீளமாக அரிந்து, உப்பும் மஞ்சளும் மிளகாய்த்தூளும் பிசறி, கயிற்றில் கோத்துக் கட்டியிருக்கும். காக்கை விரட்ட நாங்கள் குச்சியோடு உட்கார்ந்திருப்போம். உப்பிட்டுப் பதப்படுத்துவதால் இதுவும் பதப்படுத்திய இறைச்சி என்ற வரையறைக்குள்தான் வருகிறது. அதற்காகப் பாரம்பரியமான ஒன்றைத் தூக்கிப்போடச் சொல்ல மாட்டேன். ஆய்வுகள் பெரும்பாலும் தினசரி சாசேஜும் பன்றி இறைச்சியும் உண்ணும் மேலை நாடுகளில் நடந்தவை. உங்கள் மாமியார் நைட்ரைட் போடுவதில்லை. வருடத்தில் சில நாள், மழைக்காலத்தில் ரசம் சாதத்துக்கு இரண்டு துண்டு என்றால் பயப்பட ஒன்றுமில்லை. பொரிக்கும்போது கருகவிடாதீர்கள், அவ்வளவுதான். உப்பு அதிகமாகச் சேர்வது இரத்த அழுத்தத்துக்கும் இரைப்பைக்கும் ஆகாது என்பதால், கருவாடும் உப்புக்கண்டமும் ஊறுகாயும் ஒரே நாளில் இலையில் சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமைக் கறிக்கு வருவோம். ஒரு கிலோவில் எலும்பு போக, வெந்து சுருங்கியது போக, ஆளுக்கு நூறு கிராம் தேறும். சமைத்த சிவப்பு இறைச்சி வாரத்துக்கு 350 முதல் 500 கிராமுக்கு மேல் வேண்டாம் என்பது உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியத்தின் பரிந்துரை. நீங்கள் அதற்கு வெகு கீழே இருக்கிறீர்கள். குழம்பாக வைப்பதும் நல்லது. நெருப்பில் நேரடியாக வாட்டும்போதும், சுக்காவைக் கறுக்க வறுக்கும்போதும்தான் தீங்கான பொருள்கள் அதிகம் உண்டாகின்றன. கறியை விடக் குறையாக எனக்குத் தெரிவது, மற்ற ஆறு நாளும் நம் தட்டில் வெள்ளைச் சோறு குவிந்து, நார்ச்சத்து ஓரமாக ஒரு கரண்டி இருப்பது. தையில் வயலில் உளுந்தும் பயறும் தெளிக்கிற ஊர், வாழைத்தண்டும் வாழைப்பூவும் கொல்லையிலேயே கிடைக்கிற ஊர் நம்முடையது. பெருங்குடலுக்கு இவை செய்யும் நன்மை பெரியது.

இன்னொன்று, உங்கள் வீட்டில் யாராவது சாப்பாட்டுக்குப் பிறகு வெற்றிலை, பாக்கு, புகையிலை போடுகிறார்களா? பாக்கும் புகையிலையும் அதே முதல் பிரிவில்தான் இருக்கின்றன. கறிக்குப் பயந்துவிட்டு இதைக் கவனிக்காமல் இருந்துவிடக் கூடாது.

இனி மாமனார் விஷயம். ஒருவரின் பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ 60 வயதுக்கு முன் பெருங்குடல் புற்றுநோய் வந்திருந்தால், அவர் 40 வயதிலிருந்தே, அல்லது அந்த நோய் வந்த வயதுக்குப் பத்து வருடம் முன்பிருந்தே, எது முந்தியோ அப்போது கொலோனோஸ்கோப்பி, அதாவது ஆசனவாய் வழியாகக் கேமரா பொருத்திய குழாயைச் செலுத்திப் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை, செய்துகொள்ள வேண்டும். உங்கள் கணவர் ஏழு வருடம் தாமதமாகிவிட்டார். இந்த நோய் பெரும்பாலும் பாலிப் என்ற சிறு சதை வளர்ச்சியாகத் தொடங்குகிறது. அது புற்றாக மாறச் சுமார் பத்து வருடம்கூட ஆகலாம். இடையில் பார்த்துவிட்டால் அந்தக் குழாய் வழியாகவே வெட்டி எடுத்துவிடுவார்கள், வயிற்றைக் கிழிக்க வேண்டியதில்லை. கறியை ஆயுளுக்கும் விட்டாலும் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது.

கும்பகோணத்தில் என்னிடம் வந்த ஒரு விவசாயி, மலத்தில் இரத்தம் போவதை எட்டு மாதம் "மூலச் சூடு" என்றே நினைத்திருந்தார். மோரும் சின்ன வெங்காயமும் சாப்பிட்டுப் பார்த்தார், கடையில் கேட்டு மருந்து வாங்கிப் பார்த்தார். வரும்போது வேட்டியை இரண்டு சுற்று இறுக்கிக் கட்டியிருந்தார், அவ்வளவு இளைத்திருந்தார். பாலிப்பாக இருந்தபோதே பார்த்திருக்கலாமே என்ற வருத்தம் எனக்கு இன்றும் போகவில்லை. அதனால் கணவரிடம் நேராகக் கேளுங்கள்: இரத்தம் போகிறதா, மலம் கழிக்கும் வழக்கம் சில வாரமாக மாறியிருக்கிறதா, காரணமில்லாமல் இளைக்கிறாரா? ஒன்றுக்கு ஆம் என்றாலும் இந்த வாரமே கிளம்புங்கள். எதுவும் இல்லையென்றாலும் இந்த மாதம் தாண்டக் கூடாது.

தஞ்சாவூரிலும் திருச்சியிலும் குடல் இரைப்பை மருத்துவர்கள் கொலோனோஸ்கோப்பி செய்கிறார்கள். மாமனாரின் பழைய மருத்துவச் சீட்டுகள் இருந்தால் கொண்டுபோங்கள். இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே கீரை, வாழைத்தண்டு, விதையுள்ள காய்கள் வேண்டாம் என்பார்கள். பரிசோதனைக்கு முந்தைய நாள் இளநீர் போன்ற தெளிந்த நீராகாரமும், வயிற்றைச் சுத்தப்படுத்தும் மருந்தும் தருவார்கள். அந்த மருந்துதான் கொஞ்சம் சிரமம். பரிசோதனைக்கு மயக்க ஊசி போடுவதால் பெரும்பாலும் வலி தெரியாது. எல்லாம் சுத்தமாக இருந்தால் அடுத்தது ஐந்து வருடம் கழித்துத்தான். கணவருக்கு அண்ணன், தம்பி, அக்கா, தங்கை யாராவது இருந்தால், இந்தப் பதிலை அவர்களுக்கும் அனுப்பிவிடுங்கள்.