வேல்ஸ் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் உள்ளூர்ப் பிரச்சினையை அரசிடம் எழுப்புவதால் ஏதாவது நடக்கிறதா, இல்லை வெறும் சடங்குதானா?

தெற்கு வேல்ஸில் ஒரு பள்ளத்தாக்கு ஊரில் பதினைந்து வருடமாக இருக்கிறேன். ஆஸ்பத்திரியில் மருந்தாளுநர் வேலை. வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஓர் ஓடைக்காக நானே இந்த வழியில் போய் வந்தவன். நடக்கிறது என்பதுதான் என் பதில். சபையில் பேசும் அந்த நிமிடத்தில் மட்டும் எதுவும் நடக்காது.

வேல்ஸுக்கு 1999 முதல் தனிச் சட்டமன்றம் உண்டு. கார்டிஃப் துறைமுகப் பக்கம் இருக்கிறது, பெயர் செனெத். (எழுத்தில் கடைசியில் இரண்டு டி வரும். ஆனால் ஒலி நம் 'அது'வில் வரும் 'த' மாதிரி. வந்த புதிதில் 'செனெட்' என்று சொல்லித் திருத்து வாங்கினேன்.) மருத்துவம், பள்ளிக்கூடம், நெடுஞ்சாலை, வெள்ளத் தடுப்பு எல்லாம் அதன் பொறுப்பு. போலீசும் பெரும்பாலான உதவித்தொகைகளும் லண்டன் கையில். குப்பை, தெருவிளக்கு, உள்ளூர்ச் சாலை எல்லாம் 22 கவுன்சில்களிடம். நம் பிரச்சினை யார் தலையில் விழும் என்று கண்டுபிடிப்பதற்குள் பாதி உயிர் போய்விடும். எங்கள் ஓடை விஷயத்தில் அப்படித்தான் ஆனது.

மலையிலிருந்து இறங்கும் அந்த ஓடை, எங்கள் தெருமுனையில் ஒரு கல்வர்ட்டுக்குள், அதாவது நிலத்தடிக் குழாய்க்குள் நுழைந்து, வீடுகளுக்கு அடியிலேயே போய் ஆற்றில் சேர்கிறது. நுழையும் வாயில் இரும்புக் கம்பித் தடுப்பு. இலை உதிரும் காலத்தில் அதில் எல்லாம் வந்து மாட்டும்: இலை, கிளை, ஒருமுறை யார் வீட்டுக் குழந்தையுடையதோ ஒரு டிராம்போலின் வலை. வாய் அடைத்தால் தண்ணீருக்குத் தெருதான் வழி. 2020 பிப்ரவரியில் டென்னிஸ் புயல் பொன்ட்டிப்ரீத் கடைவீதியை என்ன பாடு படுத்தியது என்று பார்த்தவர்கள் நாங்கள். பயம் இருக்கும்தானே?

ஓர் அலுவலகத்துக்கு எழுதினேன். தடுப்பு எங்களுடையது இல்லை, இன்னாரைக் கேளுங்கள் என்றார்கள். அந்த இன்னார், மேலே இருக்கும் நிலம் தனியாருடையது என்றார்கள். மூன்றாவது இடத்திலிருந்து, முதலில் எழுதிய அலுவலகத்துக்கே எழுதச் சொல்லிப் பதில் வந்தது. இப்படியே பதினான்கு மாதம் ஓடிவிட்டது.

அப்புறம்தான் எங்கள் பகுதி உறுப்பினரைப் பார்க்கப் போனேன். உறுப்பினர்கள் மக்களைச் சந்திக்க உட்காரும் நேரத்துக்கு இங்கே 'சர்ஜரி' என்று பெயர். எங்கள் ஊர் நூலகத்தில், குழந்தைகள் புத்தக அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு மேசை, நாலு பிளாஸ்டிக் நாற்காலி. எனக்கு முன்னால் ஒரு பாட்டி பஸ் நேரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். என் முறை வந்ததும் போனில் இருந்த வெள்ளப் படங்களைக் காட்டினேன். உறுப்பினர் மரியாதைக்குப் பார்த்தார். பையிலிருந்து அந்த மூன்று பதில் கடிதங்களையும் எடுத்து வைத்தபோதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒன்றையொன்று மறுக்கும் மூன்று அரசுக் கடிதம்! அடைந்த கம்பியைவிட அதுதான் அவருக்குப் பெரிய ஆயுதம் என்று எனக்கு அப்போது புரியவில்லை. எந்தத் தேதி தண்ணீர் வந்தது, எத்தனை வீடு, யார் யாருக்குக் காப்பீடு மறுக்கப்பட்டது என்று உதவியாளர் வரிசையாகக் குறித்துக்கொண்டார்.

முதலில் அமைச்சருக்கு ஒரு கடிதம் போனது. பிறகு எழுத்துப்பூர்வக் கேள்வி. கேள்வியும் பதிலும் பெயரோடு பொதுவில் வெளியாகும். கடைசியாகச் சபை. செவ்வாய்க்கிழமை பிற்பகல் முதலமைச்சரிடம் கேள்வி கேட்க எல்லாருக்கும் ஆசைதான், ஆனால் குலுக்கலில் பெயர் வர வேண்டும். வராதவர்கள் நம்புவது அதற்கு அடுத்து வரும் சபை அலுவல் அறிவிப்பை. 'இந்த விஷயம் பற்றி அமைச்சர் ஓர் அறிக்கை தர வேண்டும்' என்று கேட்கும் சாக்கில், தன் ஊர்ப் பிரச்சினையை ஒரு நிமிடத்துக்குள் சொல்லிவிடலாம். வெளியிலிருந்து பார்த்தால் சம்பந்தமே இல்லாத சங்கதிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும்: ஒருவர் பல் மருத்துவர் இல்லை என்பார், அடுத்தவர் பாலம் மூடிக்கிடக்கிறது என்பார். எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான்.

லீவு போட்டுவிட்டு ரயிலேறிப் போனேன். பார்வையாளர் மாடம் மேலே. கண்ணாடி வழியாகக் கீழே வட்டமான சபை தெரியும். வெல்ஷில் பேசினால் காதில் மாட்டிய கருவியில் ஆங்கிலம் வரும். எங்கள் உறுப்பினர் எழுந்தார், ஓடையின் பெயரைச் சொன்னார், மூன்று கடிதங்களையும் சொன்னார், உட்கார்ந்துவிட்டார். ஐம்பது விநாடி இருக்கும். சபை அலுவலுக்குப் பொறுப்பான அமைச்சர், சம்பந்தப்பட்ட துறையின் கவனத்துக்குக் கொண்டுபோவதாகச் சொன்னார். அடுத்த ஆள் எழுந்துவிட்டார். வீட்டில் சொன்னபோது மனைவி கேட்டாள்: "இதுக்கா லீவு போட்டீங்க?"

சரி, அப்போது எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் மூன்று வாரத்தில், இதுவரை ஒருவரையொருவர் கைகாட்டிய இரண்டு அலுவலகங்களும் சேர்ந்து ஒரே கடிதம் அனுப்பின. கம்பித் தடுப்பைச் சுத்தம் செய்வது யார், எத்தனை நாளுக்கொரு முறை என்று அதில் இருந்தது. எப்படி நடந்தது என்று பின்னால் உதவியாளர் விளக்கினார். சபையில் ஒரு பெயர் விழுந்துவிட்டால் அமைச்சருக்குக் குறிப்பு எழுத வேண்டும். அதற்காகத் துறையில் யாரோ ஒருவர் போனை எடுத்து, "இந்த ஓடை யாருடையது?" என்று கேட்டாக வேண்டும். பதினான்கு மாதமாக யாரும் கேட்காத கேள்வி அது.

இந்த ஊர்க்காரர்கள் இப்படிச் சபையில் எழுத்தில் பதிவாவதற்கு ஏன் இவ்வளவு மதிப்புத் தருகிறார்கள் என்பதைப் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம்தான் கற்றுக்கொண்டேன். சுரங்கத்தில் வேலை பார்த்தவர். நான் சபைக் கதையைச் சிரித்தபடி சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "எழுத்தில் இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டார். பிறகு அபர்வான் என்ற சுரங்க ஊரைப் பற்றிப் பேசினார்.

1966 அக்டோபர் 21, வெள்ளிக்கிழமை காலை 9.15 மணி. அபர்வானுக்கு மேலே மலையில் குவித்து வைத்திருந்த ஏழாம் எண் நிலக்கரிக் கழிவுமேடு சரிந்து பான்ட்கிளாஸ் பள்ளியின் மேல் விழுந்தது. இறந்தவர்கள் 144 பேர், அதில் 116 பேர் குழந்தைகள். நீரூற்றின் மேலேயே கழிவைக் கொட்டியிருந்தார்கள். யாரும் எச்சரிக்காமல் இல்லை. பள்ளிக்குப் பின்னால் கொட்டும் கழிவால் ஆபத்து என்று நகராட்சிப் பொறியாளர் 1963-லேயே கடிதம் எழுதியிருந்தார். மேடு நகர்ந்தால் பள்ளிக்கே ஆபத்து என்று 1964-இல் ஒரு பெண் கவுன்சிலர் கூட்டத்தில் சொன்னார். சுரங்கத்தை நடத்திய தேசிய நிலக்கரி வாரியம் அசையவில்லை.

என்னைத் தூங்கவிடாத பகுதி இனிமேல்தான். அந்தத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் எஸ்.ஓ. டேவீஸ், 1934 முதல் பதவியில் இருந்தவர், விசாரணையில் சாட்சி சொன்னார். மேடு சரிந்து ஊர்வரை வரலாம் என்று தனக்கு வெகுநாளாகவே பயம் இருந்ததாம். ஏன் வாய் திறக்கவில்லை? பேசினால் சுரங்கத்தையே மூடிவிடுவார்கள் என்ற சந்தேகமாம். விசாரணைக் குழு அந்தச் சாட்சியத்தை அப்படியே ஏற்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் அவர் சொன்னது உண்மையென்றால், ஊர்ச் சோறும் ஊர் உயிரும் ஒரே மேட்டில் இருந்தபோது ஒரு பிரதிநிதி மௌனத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். 1970-இல் கட்சி அவரைக் கழற்றிவிட்டது. சுயேச்சையாக நின்று, அதே தொகுதியில் ஜெயித்தார். மக்கள் மனக்கணக்கு நமக்குப் புரியாது.

எஞ்சிய மேடுகளை அகற்ற, இறந்தவர்களுக்காக உலகமே அனுப்பிய நிதியிலிருந்து 1,50,000 பவுண்டை அரசு வாங்கிக்கொண்டது. அது திரும்பி வந்தது 1997-இல், வட்டியில்லாமல். 2007-இல் வேல்ஸ் அரசு 20 லட்சம் பவுண்டு கொடுத்தது.

இன்றைய கதையும் அதே மாதிரிக் கழிவுமேடுகள்தான். 2020-இல் அதே டென்னிஸ் புயலில் டைலர்ஸ்டவுனில் சுமார் 60,000 டன் கழிவு சரிந்து ஆற்றில் இறங்கியது. நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பள்ளத்தாக்குத் தொகுதி உறுப்பினர்கள் கேட்கத் தொடங்கினார்கள்: மொத்தம் எத்தனை, எங்கே, யார் சோதிக்கிறார்கள், பணம் லண்டன் தருமா? எண்ணிப் பார்த்தால் 2,500-க்கு மேல். அதில் 350-க்கும் கூடுதலானவை அதிக ஆபத்து வகை. எங்கெங்கே என்ற வரைபடம் 2023 நவம்பரில்தான் மக்கள் கைக்கு வந்தது. 2024 நவம்பரில் பெர்ட் புயலில் கும்டிலரியில் ஒரு மேடு சரிந்து சுமார் 40 வீட்டுக்காரர்களை வெளியேற்றினார்கள். 2025-இல்தான் கைவிடப்பட்ட மேடுகளுக்கென்று தனிச் சட்டமும், தனி ஆணையத்துக்கான ஏற்பாடும் வந்தன. டைலர்ஸ்டவுனிலிருந்து கணக்குப் போட்டால் ஐந்து வருடத்துக்கு மேல்.

கேட்டது முழுதாகக் கிடைக்காததும் உண்டு. 2020 வெள்ளத்தின்போது பொன்ட்டிப்ரீத் கவுன்சிலராக இருந்த ஹெலெத் வுகன், 2021-இல் செனெத்துக்கு வந்தபின் சுதந்திர விசாரணை வேண்டும் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அரசு ஒத்துக்கொள்ளவில்லை. வெள்ள அறிக்கைகளைப் பேராசிரியர் எல்வென் எவன்ஸ் தலைமையில் மறுஆய்வு செய்ததோடு சரி. கேட்டது அரிசி, கிடைத்தது நொய்.

உங்களுக்கும் இங்கே ஒரு பிரச்சினை இருந்தால்: பதில் கடிதங்களைத் தூக்கிப் போடாதீர்கள், தெருப் பெயரும் தேதியும் போட்டு எழுதுங்கள். இந்தியா, இலங்கைக் குடியுரிமையோடு சட்டப்படி வசிப்பவர்களுக்கும் செனெத் தேர்தலில் ஓட்டு உண்டு. இது தெரியாத நம்மவர்களை வருடா வருடம் பார்க்கிறேன். 2026 மே தேர்தலிலிருந்து உறுப்பினர்கள் 60-லிருந்து 96 ஆகிறார்கள், தொகுதிக்கு ஆறு பேர். ஒருவர் கதவைத் திறக்காவிட்டால் இன்னும் ஐந்து கதவு.

எங்கள் கம்பித் தடுப்பைச் சுத்தம் செய்ய இப்போது வண்டி வருகிறது. ஆனால் உள்ளே இருக்கும் குழாய் அதே பழைய அளவுதான். அதை மாற்ற நிதி கேட்டு அடுத்த கடிதம் போயிருக்கிறது. மழை வலுக்கும் இரவுகளில் பெரியவரும் நானும் டார்ச் எடுத்துக்கொண்டு போய் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் படுக்கிறோம். போன வாரம் ஒரு சைக்கிள் டயர் மாட்டியிருந்தது.